191 சென்ட் 180 சென்ட் ஆனது: கைபேசி வரைபடத்தில் ஒரு வயலை வரைந்த பதிவு

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வயலைக் கைபேசித் திரையில் வரைந்து கிடைத்த பரப்பும், நாடா பிடித்து அளந்து தாளில் கணக்கிட்ட பரப்பும் முதன்முறையாக அரை சென்ட்டுக்குள் ஒத்துப்போயின. நாடாக் கணக்கு 179.7 சென்ட், செயலி காட்டியது 180.1. பட்டாவில் உள்ள 0.73.0 ஹெக்டேரைச் சென்ட்டாக மாற்றினால் 180.4 வரும். இந்த இடத்துக்கு வந்துசேர ஏழு வார இறுதிகள் ஆயின. அவற்றில் நான்கு, நானே செய்த பிழைகளைத் தேடுவதில் கழிந்தன. அந்தப் பிழைகள் வரைபடத்தில் வடிவம் வரையும் எவருக்கும் நேரக்கூடியவை என்பதால் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வயல் சங்கராபுரத்தை அடுத்து இருக்கிறது. ஒரே சர்வே எண்ணுக்குள் நெல், மக்காச்சோளம், மரவள்ளி என மூன்று பயிர்களை அப்பா பிரித்து வைக்கிறார். உழவு, நடவு, உரம் எல்லாம் ஏக்கர் கணக்கில்தான் பேசப்படுகின்றன. மொத்தப் பரப்பு பட்டாவில் இருக்கிறது. ஆனால் நடுவே போட்ட வரப்புகளால் பிரிந்த துண்டுகளின் பரப்பு எங்கும் எழுதப்பட்டதில்லை. நெல் ஒரு ஏக்கர், சோளம் அரை ஏக்கர், கிழங்கு முப்பது சென்ட் என்பது இருபது ஆண்டுகளாக வாய்வழியாக வந்த கணக்கு. ஒவ்வொரு துண்டையும் வரைபடத்தின்மீது ஒரு நிறத்தில் வரைந்து, அதன் பரப்பைச் சென்ட்டில் காட்டும் சிறிய செயலி ஒன்று வேண்டும் என்பதே தொடக்கம்.

ஆண்ட்ராய்டுக்கான கூகுள் மேப்ஸ் நிரல்தொகுப்பைக் கோட்லின் மொழியில் பயன்படுத்தினேன். அதனோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு மேப்ஸ் யூட்டில்ஸ் என்ற துணை நூலகத்தையும் எடுத்துக்கொண்டேன். தெருக்களைக் காட்டும் வரைபடத்தில் வயல்வெளி வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். வரப்பு தெரிய வேண்டுமானால் செயற்கைக்கோள் படத்தைத்தான் அடியில் வைக்க வேண்டும்.

முதல் வடிவம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. திரையில் விரல் வைத்த இடத்தை ஒரு புள்ளியாகச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு நிரல்தொகுப்பு தானாகவே இணைத்துப் பலகோணமாக்கிவிடுகிறது. உள்நிறத்தை ஒளிபுகாத பச்சையாக வைத்திருந்ததால் வயலே மறைந்துபோனது. நிறத்தின் ஒளிபுகா அளவை 255-க்கு 51 ஆக, அதாவது ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்த பிறகு வரப்பு அடியில் தெரிந்தது. பச்சை வயலின்மேல் பச்சைக்கோடு தெரியாது என்பதால் எல்லைக்கோட்டை மஞ்சளாக மாற்றினேன். நண்பகல் வெயிலில் படிக்க முடிந்த நிறம் அது ஒன்றுதான். கோட்டின் தடிமன் திரைப் பிக்சல் கணக்கில் கொடுக்கப்படுவது. என் கைபேசியில் மெல்லியதாகத் தெரிந்த அதே 4 பிக்சல், அப்பாவின் கைபேசியில் வரப்பையே மறைக்கும் அளவுக்குத் தடித்துத் தெரிந்தது. திரையின் அடர்த்தி எண்ணால் பெருக்கிக் கொடுத்தால்தான் இரண்டிலும் ஒன்றுபோல் வரும்.

விரலால் புள்ளி வைப்பது தவறான வழி என்பது வயலுக்குப் போனதும் புரிந்தது. வரப்புகள் கூடும் மூலையை விரல் நுனியே மூடிவிடுகிறது. குறியை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து நகர்த்தும் வசதி உண்டு என்றாலும், பிடித்த உடனே குறி கொஞ்சம் மேலே தாவி நிற்பதால் சரியான இடத்தில் விடுவதற்குள் மூன்று நான்கு முறை முயல வேண்டியிருந்தது. ஆகவே முறையையே மாற்றினேன். திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறியை அசையாமல் நிறுத்தி, அதற்கு அடியில் வரைபடத்தை நகர்த்தி, மூலை குறிக்கு நேராக வந்ததும் கீழே உள்ள ‘புள்ளி வை’ பொத்தானை அழுத்துவது. கட்டைவிரல் திரையின் அடிப்பகுதியை விட்டு வர வேண்டியதில்லை, மூலையும் மறைவதில்லை. இப்படிப்பட்ட செயலியை இனி யார் கேட்டாலும் இந்த முறையிலிருந்துதான் தொடங்குவேன்.

ஆனால் இந்த மாற்றமே அடுத்த பிழையைக் கொண்டுவந்தது. பொத்தான் இருந்த அடிப்பட்டை, வரைபடத்தின் கீழ்ப்பகுதியை மறைக்காமல் இருக்கட்டும் என்று வரைபடத்துக்குக் கீழே 96 டிபி (திரையின் அடர்த்தி மாறினாலும் ஒரே அளவாகத் தெரியும் அலகு) உள்விளிம்பு கொடுத்திருந்தேன். உள்விளிம்பு கொடுத்தால், வரைபடத்தின் மையம் என்பது மீதமுள்ள பகுதியின் மையமாகிவிடும். அதாவது 48 டிபி மேலே ஏறிவிடும். என் கூட்டல் குறியோ முழுத் திரையின் நடுவில் நின்றது. வைத்த புள்ளிகளெல்லாம் குறிக்கு மேலே, வடக்கே தள்ளி விழுந்தன. 19-ஆம் பெரிதாக்கல் நிலையில், எங்கள் ஊர் இருக்கும் 11.9 பாகை அட்சரேகையில், ஒரு டிபிக்கு ஏறத்தாழ 0.29 மீட்டர், எனவே 48 டிபி என்பது 14 மீட்டர். காரணத்தைத் தேடாமல், செயற்கைக்கோள் படம்தான் இடம் விலகியிருக்கிறது என்று நானே முடிவு செய்து, ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகையிலிருந்தும் 0.000127 பாகையைக் கழிக்கும் ஒரு வரியை எழுதிவைத்தேன். அன்றைக்குச் சரியாக இருந்தது. மறுநாள் இன்னும் ஒரு நிலை பெரிதாக்கிப் புள்ளி வைத்தபோது எல்லாம் தெற்கே 7 மீட்டர் விலகின. பெரிதாக்கும் நிலை மாறும்போது விலகலும் மாறுகிறது என்றால் குற்றம் படத்தில் இல்லை, திரையில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வரியை நீக்கிவிட்டு, கூட்டல் குறியையும் அதே 48 டிபி மேலே ஏற்றினேன். ஒரு வார இறுதி இதில் போனது.

அடுத்தது பரப்பு. இங்கேதான் நான் மிகப் பெரிதாக வழி தவறினேன். வரைபடத் துண்டுகளை அடுக்கப் பயன்படும் மெர்க்கேட்டர் சமதள ஆயங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றும் ஒரு சிறு நிரல் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. அந்த ஆயங்கள் மீட்டரில் வருவதால், பள்ளியில் படித்த ஆயத்தொலை முறையில் பலகோணத்தின் பரப்பைக் கணக்கிட்டுவிட்டேன். விடை 191.2 சென்ட். பட்டாவைவிட ஏறத்தாழ 11 சென்ட் அதிகம்.

அந்த எண்ணை வீட்டில் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். அப்பா ஒன்றும் பேசாமல் பட்டா நகலை எடுத்துப் பார்த்தார். சித்தப்பா, “சர்வேயரைக் கூப்பிட்டு ஒருதரம் அளந்துடலாம்ணே” என்றார். பதினொரு சென்ட் என்றால் பக்கத்து நிலத்துக்காரரோடு பேச்சு வரும் விஷயம். என் செயலியில் வந்த எண்ணைச் சரிபார்க்காமல் வாயைத் திறந்திருக்கக் கூடாது. அன்று மாலையே கடைக்குப் போய் 30 மீட்டர் கண்ணாடியிழை நாடா ஒன்று வாங்கினேன், 420 ரூபாய்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நானும் அப்பாவும் நாடா பிடித்தோம். 30 மீட்டருக்கு ஒரு மூங்கில் முளை அடித்து, நாடா தொய்யாமல் இழுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் இருமுறை அளந்தோம். தெற்கு வரப்பு 96.0 மீட்டர், கிழக்கு 78.4, வடக்கு 91.5, மேற்கு 76.8. தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு மூலைவிட்டம் 121.6. நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் பரப்பு வராது. ஒரு மூலைவிட்டமாவது வேண்டும். அது வயலை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கும். மூன்று பக்கங்கள் தெரிந்தால் ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பையும் கணக்கிடலாம். ஒன்று 3,760 சதுர மீட்டர், மற்றொன்று 3,511. மொத்தம் 7,271 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்ற கணக்கில் 179.7 சென்ட். பட்டா சரியாகவே இருந்தது.

குற்றம் மெர்க்கேட்டர் மீட்டரில்தான். அது நிலநடுக்கோட்டில் மட்டுமே நிலத்து மீட்டர். அங்கிருந்து விலக விலக நீளும். 11.9 பாகையில் நீளம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. பரப்பில் அது இருமடங்காகிறது. துணை நூலகத்தில் உள்ள கோளப் பரப்புக் கணக்கை எடுத்துப் போட்டதும் 191.2 என்பது 182.6 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்கு பூமியை முழு உருண்டையாகக் கொள்கிறது. பூமியோ துருவங்களில் சற்றுத் தட்டையானது. எங்கள் அட்சரேகையில் அதனால் 0.4 சதவீதம் கூடுதலாக வருகிறது. வயல் அளவுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது: முதல் புள்ளியை மூலமாக வைத்து, ஒரு பாகை அட்சரேகைக்கு 1,10,622 மீட்டர், ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 1,08,943 மீட்டர் என்று பெருக்கி, மறுபடியும் அதே ஆயத்தொலை முறையைப் போட்டேன். 181.9 வந்தது. இந்த இரண்டு எண்களும் எங்கள் ஊர் அட்சரேகைக்கு உரியவை; மதுரையிலோ சென்னையிலோ இருப்பவர் தம் ஊருக்குரியதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு சென்ட்டுக்கு மேல் இடித்தது. அந்த இடைவெளி வடகிழக்கு மூலையில் இருந்தது. அங்கே ஒரு புளியமரம் நிற்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் மூலை தெரியாது, கிளைகள்தான் தெரியும். நான் ஊகத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். மரத்தடியில் போய் நின்று கைபேசியின் இருப்பிடத்தைப் பதிவு செய்யலாம் என்று பார்த்தால், துல்லியம் 11 மீட்டர் என்று காட்டி, புள்ளி வரப்பைச் சுற்றி அலைந்தது. கையில் இருந்த நாடா அளவுகளே இதற்கு வழி காட்டின. வரைபடத்தில் வட்டம் வரைய மையமும், மீட்டரில் ஆரமும் கொடுத்தால் போதும். தெளிவாகத் தெரிந்த தென்கிழக்கு மூலையை மையமாக்கி 78.4 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம்; வடமேற்கு மூலையை மையமாக்கி 91.5 மீட்டர் ஆரத்தில் இன்னொன்று. உள்நிறம் இல்லாமல் கோடு மட்டும். இரண்டும் மரத்தின் நிழலுக்குள் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. சரிபார்ப்பதற்காகத் தென்மேற்கு மூலையிலிருந்து 121.6 மீட்டரில் மூன்றாவது வட்டம் வரைந்தேன். அது அந்த வெட்டுப்புள்ளியிலிருந்து அரை மீட்டருக்குள் கடந்து சென்றது. என் ஊகப்புள்ளி வெளியே 1.2 மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. புள்ளியை அங்கே இழுத்து வைத்தவுடன் பரப்பு 180.1 ஆனது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் நிறைவளித்தது அந்த மூன்று மெல்லிய வட்டங்கள்தான். செயலியில் அவற்றுக்கென்றே இப்போது ஒரு தனிப் பொத்தான் வைத்திருக்கிறேன்.

உட்பிரிவுகள் வரைவதில் சிறு சிக்கல்கள்தான். நெல் துண்டை வரைந்து முடித்த பிறகு நடுவில் ஒரு வளைவைச் சேர்க்கப் புதிய புள்ளி வைத்தால் அது பட்டியலின் கடைசியில் சேர்ந்துகொண்டு, பலகோணம் தன்னைத்தானே குறுக்கே வெட்டி முடிச்சாகிவிட்டது. அப்படி வெட்டிக்கொண்ட வடிவத்தில் ஒரு பாதியின் பரப்பு மறுபாதியிலிருந்து கழிந்துபோகும். புதிய புள்ளி எந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தின் இரு முனைகளுக்கு நடுவே அதைச் செருகும்படி மாற்றினேன். கிணறும் மோட்டார் கொட்டகையும் பயிர்ப் பரப்பில் சேராதவை. பலகோணத்துக்குள் துளை கொடுக்கும் வசதியால் அவற்றை விலக்கினேன். இரண்டும் ஒட்டி நிற்பதால் முதலில் வரைந்த இரண்டு துளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒன்றையொன்று மறிக்கும் துளைகளை நிரல்தொகுப்பு ஏற்பதில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே துளையாக வரைந்தேன். துளை திரையில் தெரிகிறது என்பதற்காகப் பரப்பு தானாகக் குறைந்துவிடாது. துளையின் பரப்பை நாமே தனியாகக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். இதை ஒரு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

வரைந்ததைச் சேமிக்க, வரைபட வடிவங்களை உரைக்கோப்பாக எழுதிவைக்கும் ஜியோஜேசன் வடிவத்தைத் தேர்ந்தேன். சேமித்து, செயலியை மூடி, மீண்டும் திறந்தால் வயலில் ஒன்றுமில்லை. கோப்பில் எண்களெல்லாம் இருந்தன. வரைபடத்தைச் சுருக்கிக்கொண்டே போய் உலகம் முழுவதும் தெரிந்தபோது, நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக் பகுதியில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளின்மேல் ஒரு மஞ்சள் புள்ளி நின்றது. ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. ஆர்எஃப்சி 7946 என்ற 2016-ஆம் ஆண்டின் வரையறை அப்படித்தான் சொல்கிறது. கூகுள் மேப்ஸ் நிரல்தொகுப்பில் அட்சரேகைதான் முதலில். எங்கள் வயலின் 11.9, 78.9 என்ற இணை மாறிப்போய் 78.9 பாகை வடக்கு, 11.9 பாகை கிழக்கு ஆகியிருந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: நி-ஓலெசுண்ட். இந்தியா 2008-இல் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்த அதே ஊர். தமிழ்நாட்டில் உள்ள எந்த இடத்தையும் இப்படி மாற்றிப் போட்டால் அது அந்தத் தீவுகளின் சுற்றுவட்டாரத்தில்தான் போய் விழும். ஆகவே திரையில் வடிவம் காணாமல் போனால் முதலில் அங்கே தேடிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அதே கோப்பில் இன்னொரு பிழையும் இருந்தது. ஜியோஜேசன் பலகோணத்தில் முதல் புள்ளியையே கடைசியிலும் எழுத வேண்டும். எழுதும்போது சேர்த்தேன், படிக்கும்போது நீக்கவில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தென்மேற்கு மூலையில் ஒரு புள்ளி கூடிக்கொண்டே போய், ஆறு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. பரப்பு மாறாததால் பல நாள் தெரியவில்லை. அந்த மூலையை நகர்த்தியபோது ஒன்று மட்டும் நகர, மற்றவை அங்கேயே நின்றதால்தான் தெரிந்தது.

வரப்பில் நடந்தே எல்லையைப் பதிவு செய்யும் முறையையும் முயன்றேன். விநாடிக்கு ஒரு புள்ளி என்று பதிவு செய்தபோது கோடு பல்லுப்பல்லாக வந்தது, நாடாவில் 342.7 மீட்டர் வந்த சுற்றளவு இதில் 418 மீட்டர். துல்லியம் 8 மீட்டரைத் தாண்டிய புள்ளிகளைத் தள்ளி, 3 மீட்டர் நகர்ந்த பிறகே அடுத்த புள்ளியை ஏற்று, கடைசியில் டக்ளஸ்–பியூக்கர் முறையில் 2 மீட்டர் விலகலுக்கு உட்பட்ட புள்ளிகளை நீக்கினேன். சுற்றளவு 351 ஆனது, பரப்பு 177.2 சென்ட். கூட்டல் குறி முறைக்கு இது ஈடாகவில்லை. படத்தில் எல்லை தெரியாத மேய்ச்சல் நிலத்துக்கும், வயலில் இணையம் கிடைக்காமல் படமே திரையில் வராத வேளைக்கும் மட்டும் இதை வைத்திருக்கிறேன்.

கடைசியாக, சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தை வயலின்மேல் விரித்துப் பார்த்தேன். ஒரு படத்தை இத்தனை மீட்டர் அகலத்தில், இத்தனை பாகை திருப்பி, இவ்வளவு ஒளிபுகும்படி தரையில் ஒட்டவைக்கும் வசதி நிரல்தொகுப்பில் இருக்கிறது. புலப்படத்தில் 1:2000 என்று இருந்ததால், ஏ4 தாளின் 210 மில்லிமீட்டர் அகலத்துக்கு 420 மீட்டர் என்று கொடுத்தேன், பொருந்தவில்லை. தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சிட்டிருந்ததை மறந்துவிட்டேன். படத்தில் தெற்கு வரப்புக்கு எழுதியிருந்த 96.2 மீட்டர் எத்தனை பிக்சல் என்று அளந்தேன்: 540. முழு அகலம் 2,480 பிக்சல். ஆகவே 442 மீட்டர். அதைக் கொடுத்ததும் மூன்று மூலைகள் ஒரு மீட்டருக்குள் வந்து அமர்ந்தன. 300 டிபிஐயில் வருடிய அந்தப் படம் நினைவகத்தில் 35 எம்பி பிடித்து அப்பாவின் கைபேசியில் செயலியை நிறுத்திவிட்டது. நீள அகலத்தைப் பாதியாக்கியதும் 9 எம்பிக்குள் அடங்கியது. தாளின் வெள்ளையை நீக்கிக் கோடுகளை மட்டும் விட்டால் படம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

செலவு என்று பார்த்தால் நாடா 420 ரூபாய், மூங்கில் முளைகளும் சணலும் 90, பெட்ரோல் ஏறத்தாழ 600. கணினியும் கைபேசியும் ஏற்கெனவே இருந்தவை. மறுபடியும் தொடங்கினால், நிரலின் முதல் வரி எழுதுமுன் நாடாவை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவேன். ஒத்துப்பார்க்க ஓர் எண் கையில் இருந்திருந்தால் மெர்க்கேட்டர் பிழை அன்றே தெரிந்திருக்கும். அடித்தளப் படத்தையும், இணையம் இல்லாமல் கைபேசியிலேயே வைத்துக்கொள்ள இடமளிக்கும் மேப்லிப்ரே என்ற வரைபட நூலகத்துக்கு மாற்றிப் பார்ப்பேன்.

இப்போது திரையில் நெல் 92.6 சென்ட், மக்காச்சோளம் 51.3, மரவள்ளி 33.1, கிணறும் கொட்டகையும் 3.1 என்று நான்கு நிறங்களில் தெரிகின்றன. அப்பா நெல்லின் எண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நடவுக் கூலி ஏக்கருக்குன்னு பேசினது பேசினதுதான், அதுல கை வைக்காத, உரத்தை மட்டும் இதுக்குத் தக்க எடுத்துட்டு வா” என்றார். மரவள்ளி பிடுங்கியதும் அதற்கும் சோளத்துக்கும் நடுவில் உள்ள வரப்பை இரண்டடி தள்ளிப் போடப் போவதாகச் சொல்கிறார். அன்றைக்கு அந்த ஒரு கோட்டை மட்டும் மீண்டும் வரைய வேண்டும்.